இனி உன் பதிலை நீயே சொல்

அன்புள்ள பிரணவன்,

இதை எழுதிவிட்டு இரண்டு நிமிஷம் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். உனக்குப் பிறகு பிறந்த பெரியப்பாவின் பிள்ளைகள்கூட உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கொண்டக்டர், சலூன்காரர், கோயில் ஐயர், எல்லோருக்கும் நீ தம்பி. உனக்கு ஒரு கடிதம் எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பப் பார்க்கிறேன், அனுப்பட்டா என்று வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன். நீ நன்றாக யோசித்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டாய். "என்ட பேரைப் போடுங்கோ, தம்பி எண்டு போடாதேங்கோ. படம் போடாதேங்கோ." இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தரும் பிரதியைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். விரலை வைத்து மெதுவாக வாசி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். விளங்காத இடத்தில், உதவிக்கு வருகிற நிரோஷாவிடம் கேள். கடிதம் நீளமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, உன் அம்மாவுக்குச் சுருக்கமாகக் கதைக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வியாழக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணி போட்டு ஆறவிடுகிறேன், திரும்பவும் போடுகிறேன். கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு அப்பாவிடம் பேச்சு வாங்கினேன். சின்னப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு முதல் நாள் துள்ளுவார்களே, அந்த மாதிரி ஒரு நிலைமை, இந்த அறுபத்து மூன்று வயதில்.

நீ தனி வீட்டில் இருக்கத் தொடங்கிய இந்த நேரத்தில் உனக்குப் புத்தி சொல்லத்தான் கடிதம் எழுத நினைத்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியவைதான் கூட. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருஷம் ரிசெப்ஷனில் இருந்தவள் நான். உனக்குத் தெரியும், சின்ன வயதில் அந்த மேசைக்குக் கீழே இருந்துதான் நீ படம் கீறுவாய். ஆட்கள் கதவைத் தள்ளும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இருமலா, வயிற்றுக் குத்தா, மருந்துத் துண்டை எழுதி வாங்க வந்தவரா என்று. அவர்கள் வாயைத் திறக்கமுன் நம்பரைக் கையில் கொடுத்துவிடுவேன். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேகம். மிஸ் இல்லாவிட்டால் எனக்கு நாள் ஓடாது என்று டொக்டர் எல்லோரிடமும் சொல்லுவார். அந்தப் பெருமையை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

உனக்குச் சொல் மெதுவாகத்தான் வரும். டவுன் சின்ட்ரோம் உள்ள பலருக்கும் அப்படித்தானாம். கேட்ட கேள்வியை உள்ளே கொண்டுபோய், அதற்கு ஏற்ற பதிலைத் தேடி எடுத்து, வாய்க்குக் கொண்டுவர உனக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் நான் பதிலையும் சொல்லி, அடுத்த கேள்விக்கான பதிலையும் சொல்லி முடித்துவிடுவேன். தம்பிக்கு என்ன வயது? நான் சொல்லுவேன். தம்பிக்கு எங்கே நோகிறது? நான் சொல்லுவேன். காலிமுகத்திடலில் ஐஸ்கிரீம்காரன் உன்னைப் பார்த்துத்தான் கேட்பான், நான் வனிலா என்பேன். இருபது வருஷம் வனிலா வாங்கித் தந்தேன், நீயும் குடித்து முடித்தாய். போன மாதம் நீ, இப்போது உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற சமனோடு கடைக்குப் போய் சொக்லட் வாங்கினாய் என்று கேள்விப்பட்டு, ஏன் வனிலா இருக்கவில்லையா என்று கேட்டேன். "எனக்கு வனிலா விருப்பமில்லை" என்றாய். எப்போதிருந்து என்று கேட்டேன். "எப்பவும்" என்றாய்.

வனிலாவைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். இதைச் சிரிக்க முடியாது. உனக்குப் பதினெட்டு வயதில் ஒரு படிவம் கொடுக்க உன்னை ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மேசையில் இருந்த மனிதர் நல்லவர். உன்னைப் பார்த்துச் சிரித்து, கையெழுத்து வைக்கத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டு, பேனையை உன் பக்கம் தள்ளினார். நீ பேனையை எடுத்தாய். நான் உடனே, "எயாட்ட பே, மாத்தயா" என்றேன். அவருக்கு ஏலாது, ஐயா. பேனையை உன் கையிலிருந்து நானே வாங்கி மேசையில் வைத்தேன். மை தடவிய பெட்டி வந்தது, உன் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நீ அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாய். மையைப் பார்த்து விளையாடுகிறாய் என்று நான் நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அலுமாரி ஒதுக்கும்போது உன் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று அகப்பட்டது. பக்கம் பக்கமாக உன் பெயர். டீச்சர் உனக்குக் கையெழுத்துப் பழக்கியிருக்கிறா. அன்றைக்கு அதைச் செய்துகாட்டத்தான் நீ பேனையை எடுத்திருக்கிறாய். அந்தக் கொப்பியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், மகன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் திருந்தினேனா என்றால் இல்லை. போன வருஷம் பித்தப்பையில் கல் என்று என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்களே, ஞாபகமா? ஒப்பரேஷன் முடிந்து அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அப்பா போன் எடுத்தார். "இஞ்சரும், இவனுக்கு எந்தச் சேட்டை எடுத்துக் குடுக்கிறது? அலுமாரிக்கு முன்னால நிக்கிறான், அசையிறானில்லை." வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு நான் நடத்தினேன், நீலக் கோடு போட்ட சேட், மண்ணிற லோங்ஸ், பெனியன் இரண்டாவது லாச்சியில். போனை வைத்ததும் பக்கத்துக் கட்டில் பெண் அன்பாக விசாரித்தா, சின்னவர் நேசரிக்குப் போறாரா என்று. அவருக்கு இருபத்தொன்பது வயது என்றேன். மயக்க மருந்து மிச்சம் சொச்சம் இருந்ததெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் தெளிந்துவிட்டது.

உனக்குச் சேட் தெரிவுசெய்யத் தெரியாமல் இல்லை. உன்னை ஒரு நாளும் நான் தெரிவுசெய்ய விட்டதில்லை. எங்களுக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பது என்று எத்தனையோ வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பயம் வேறு மாதிரி வந்தது. நான் இல்லாத ஒரு காலையில் நீ அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பாய், போன் எடுத்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அழுதேன். தையல் நோகிறதா என்று நேர்ஸ் வந்து கேட்டா, ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தையில் பெற்றோர் சிலர் சேர்ந்து நடத்தும் அந்தச் சிறிய அமைப்பைப் பற்றி எனக்கு முதலே தெரியும். உனக்குப் பேக்கரி வேலை எடுத்துத் தந்ததே அவர்கள்தான். அதிலும் நான் ஒரு வேலை பார்த்திருந்தேன். அது வெளியே வந்த கதையை நீ இன்னும் அப்பாவுக்குச் சொல்லிச் சிரிப்பாயாம். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் உனக்குத் தெரியாமல் முதலாளி ஹாஜியாருக்குப் போன் போட்டு, பாண் சுடும் போறணைப் பக்கம் உன்னை விடவே கூடாது என்று சொல்லிவைத்தேன். அவரும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். எட்டு மாதம் நீ ஒரு மூலையில் இருந்து கேக் பெட்டி மடித்தாய். உனக்கு உதவியாக நியமித்த நிரோஷா, தெமட்டகொடையிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருகிற அந்தப் பிள்ளை, ஒருநாள் ஹாஜியாரிடம் நேரே கேட்டுவிட்டா, ஏன் இவரைப் பெட்டியை விட்டு எழும்ப விடுகிறீர்களில்லை என்று. நானும் அன்றைக்கு அங்கே நின்றேன். அவர் என்னைக் காட்டி, "மிஸ்தானே சொன்னாங்க, போறணை பக்கம் விட வேணாம்னு" என்றார். நீ மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. என்னோடு கோபித்துக்கொள்ள உனக்கு அவ்வளவு உரிமை இருந்தது, அதில் ஒரு நாளைக்கூட நீ குறைக்கவில்லை.

நிரோஷா செய்தது சின்ன வேலை. போறணை வேலையை ஒவ்வொரு படியாகப் படம் எடுத்து, கையுறை, தட்டு, கதவு, பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சுவரில் ஒட்டினா. இரண்டு கிழமை உன் பக்கத்தில் நின்றா. மூன்றாம் கிழமை இரண்டு எட்டுத் தள்ளி நின்றா. பிறகு முன்கடையில் போய் நின்றுகொண்டா. இப்போது விடியற்காலை, மீன் வைத்த மாலு பணிசுக்கு முட்டை பூசுவது நீதான். மற்றவர்கள் அவசரத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிடுவார்களாம், உன் தட்டில் ஒரு பணிசும் வெளிறிப்போய் வராதாம், ஹாஜியாரே என்னிடம் சொன்னார். வலக்கையில் சூடு பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. நான் அதைப் பார்த்தால் களிம்பைத் தேடுகிறேன், நீயோ வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சேட் கையை மடித்துக் காட்டுகிறாய். காட்டு, காட்டு. உன் வேலையில் பட்ட சூடு அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானே அந்த அமைப்பின் கதவைத் தட்டினேன். பேக்கரிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு ஃபிளாட்டில் சமனுக்குத் துணையாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நுகேகொடையிலிருந்து வந்த சமன், உன்னைவிட நான்கு வயது மூத்தவன், சூப்பர்மார்க்கெட்டில் ட்ரோலி ஒழுங்குபடுத்துகிறவன், உன்னைப்போலவே மெதுவாகக் கதைக்கிறவன். நிரோஷா காலையும் பின்னேரமும் வருவா, இரவில் தேவைப்பட்டால் கீழ்மாடியில் ஒருவர் இருப்பார். ஆறு கிழமை இருந்து பார்க்கலாம், பிறகு நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், இருக்கிறாயா இல்லையா என்று. அப்போது அந்த "உன் வாயால்" என்ற நிபந்தனையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

அங்கே எனக்கும் ஒரு பாடம் எடுத்தார்கள். உன்னிடம் ஒன்றைக் கேட்டால் பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, கேள்வியைத் திருப்பியும் கேட்கக் கூடாது, ஏனென்றால் நான் திருப்பிக் கேட்டால் நீ தேடத் தொடங்கியதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதாம். இதை முப்பது வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன். முதல் நாள் வீட்டில் பழகிப் பார்த்தேன். மீன் பொரியலா, குழம்பா என்று உன்னைக் கேட்டுவிட்டு எண்ணினேன். ஆறில் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா பக்கத்தில் இருந்து சிரிக்கிறார். ஒன்பதில் நீ சொன்னாய், "முட்டை." நான் தந்த இரண்டும் வேண்டாம், உனக்கு முட்டை. முப்பது வருஷமாக எத்தனை முட்டையை நான் கேட்காமலே விட்டிருப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனி அந்த மூன்றாம் கிழமைக்கு வருகிறேன். அதை எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, ஆனபடியால் எழுதுகிறேன். வெள்ளி பின்னேரம் நீ போன் எடுத்து அழுதாய். "அம்மா, நான் வீட்ட வாறன்." நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. பத்தும் எண்ணவில்லை, ஒன்றும் எண்ணவில்லை. த்ரீவீலைப் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி நெரிசல் முழுக்கத் திட்டித் திட்டி வந்து சேர்ந்தேன். நீ கட்டிலில் இருந்தாய். உன் பையை இழுத்து உடுப்பை அடுக்கினேன். குசினி வாசலில் நின்ற சமன், "மல்லி யனவாத?" என்று கேட்டான், தம்பி போகிறாரா என்று. அவனுடைய முகம் வாடிப்போயிருந்தது. நான் அவனுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளைக்கும் நான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன்.

நடந்தது என்ன என்றால், ரீவி. அவனுக்குக் கிரிக்கெட், உனக்குப் பாட்டு. அவன் ரிமோட்டை ஒளித்துவைத்தான், நீ அவனைத் தள்ளினாய், அவன் உன்னைத் தள்ளினான். அவ்வளவுதான். நிரோஷா அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அன்ரி, அவையள் சண்டை பிடிச்சவை. சண்டை பிடிச்சா சமாதானமாகவும் விடவேணும். நீங்கள் வந்து சமாதானமாகிற இடத்தை எல்லோ தூக்கிக்கொண்டு போயிட்டியள்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தச் சின்ன வயதுப் பிள்ளை எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டா என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அப்பா பேப்பரை விலக்காமலே, "அவ சொல்லுறது சரி" என்றார். அந்த மனிதர் ஒரு வருஷத்துக்குப் பேசுகிற பேச்சில் பாதி அது.

இரண்டு நாள் உனக்கு ஊட்டாத குறையாகச் சமைத்துப் போட்டேன். திங்கள் காலை நீ நான் எடுத்துவைக்காத சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். எங்கே என்று கேட்டேன். வேலைக்கு என்றாய். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். பின்னேரம் இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு இருந்தேன், நீ வரவில்லை. வேலை முடிய நேரே ஃபிளாட்டுக்குப் போய்விட்டாய் என்று நிரோஷா செய்தி அனுப்பினா. நீயும் சமனும் கிரிக்கெட் பார்க்கிறீர்களாம். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, மகன். நான் அன்றைக்கு ஒரு வேலை செய்தேன், இந்தக் கடிதத்தில் எழுதவே கூசுகிற வேலை. உனக்குப் போன் எடுத்து அழுதேன். அம்மாவுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொன்னேன்.

அதன் பலன் இரண்டு கிழமையில் தெரிந்தது. அமைப்பின் பொறுப்பாளர் அம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னா, உன்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டால் நீ "அம்மா பாவம்" என்று மட்டும் சொல்கிறாயாம். உனக்கு உண்மையில் எங்கே விருப்பம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நீ நடுவில் வீட்டுக்குப் போனதும் குழப்பம். அந்த அறைக்கு இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை கூட்டத்தில் நீ தெளிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்வதை அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நான் உன்னை எத்தனை பேருக்கு முன்னால் வாயடைக்க வைத்தேனோ, அதெல்லாம் சேர்ந்து அந்த ஒரு நாளில் வந்து நின்றது. இந்த இடத்தை விட்டால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் வயது நிற்கப்போவதில்லை.

வியாழக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஆனால் என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். உங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் எல்லோரும் இருந்தோம். பொறுப்பாளர் அம்மா மேசையில் இரண்டு படம் வைத்தா, ஒன்று இந்த ஃபிளாட்டின் கதவு, மற்றது எங்கள் வீட்டுக் கதவு. எங்கே இருக்க விருப்பம் என்று ஒரு தடவை கேட்டா. பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது, நீ படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். பதினைந்து. அப்பா நிலத்தைப் பார்த்தார். இருபதில் நீ தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, வாயை மூடினால் போதாது என்று. நீ என் முகத்தில் பதிலைத் தேடுகிறாய். வாழ்நாள் முழுக்க அங்கேதானே உன் பதில் இருந்தது. நான் சிரித்தால் ஒரு பதில், கண் கலங்கினால் வேறு பதில். இரண்டில் எதைச் செய்தாலும் அது நான் சொன்னதாகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் எழும்பினேன், கதிரையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பார்கள். வெளியே ரெயில் பாதையும் கடலும் தெரிந்தன. ஒரு ரெயில் போய் முடிந்தது. எண்ணுவதை எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. பின்னால் நீ மூச்சை இழுத்தது கேட்டது.

"நான் இஞ்ச இருக்கிறன்."

நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகம் இருந்த கோலத்துக்கு நீ பயந்திருப்பாய். நீ இன்னும் முடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் யாரும் அசையவில்லை. பிறகு நீ சொன்னாய், "அம்மா வரேக்க போன்ல கோல் எடுத்திட்டு வரவேணும். சும்மா வரக்கூடாது." அப்பா சிரித்த சிரிப்பில் சமன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தான். ஒப்பந்தப் படிவத்தில் நீ கையெழுத்து வைத்தாய், நான் முழு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அப்பாவின் கையெழுத்துக்கு விட்ட இடத்துக்குள் போய்விட்டது. அப்பா ஒரு மூலையில் ஒதுங்கிப் போட்டார்.

சரி, புத்திமதி. நீ பயப்படாதே, கொஞ்சம்தான். சமனோடு சண்டை பிடி, ஆனால் தள்ளாதே, உனக்கு உன் பலம் தெரியாது. கேஸ் அடுப்பை மூடினாயா என்று படுக்கமுன் போய்ப் பார், சுவரில் நிரோஷா ஒட்டிய படத்தில் அது கடைசிப் படம். யாராவது உன் தலையைத் தடவி, பாவம், குழந்தை மாதிரி என்று சொன்னால் நீ சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, எனக்கு முப்பது வயது, பேக்கரியில் வேலை என்று சொல்லு. கேட்டவருக்கு அவசரம் என்றால் அவர் போகட்டும், நீ உன் நேரத்தை எடு. போனைக் கேட்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடாதே. முன்கடையில் நிற்கிற பிள்ளையைப் பற்றி நிரோஷா ஏதோ சொல்லிச் சிரித்தா, நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ சொல்ல விரும்பினால் நான் வீட்டில்தான் இருப்பேன். உதவி வேண்டும் என்றால் கேள், அதில் வெட்கம் இல்லை. நான் இன்றைக்கும் மருந்துப் பெட்டியின் மூடியைத் திறக்க அப்பாவைக் கூப்பிடுகிறேன், அப்பா பட்டன் தைக்க என்னைக் கூப்பிடுகிறார், ஆனபடியால் நாங்கள் இரண்டு பேரும் தனியாக வாழத் தெரியாதவர்கள் என்று யாரும் படிவம் நிரப்பவில்லை. எனக்கு ஒரு நாளும் பாவம் பார்த்துப் பதில் சொல்லாதே. உன் அம்மா பாவம் இல்லை, அவ சும்மா அழுவா, பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுப்பா.

நேற்றுச் சனிக்கிழமை நீ சொன்னபடி கோல் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் வரட்டுமா, கோழிக்கறி கொண்டுவருகிறேன் என்று கேட்டேன். கோழிக்கறி என்றால் நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய் என்று எனக்கு நிச்சயம். "ஏலாது அம்மா," என்றாய். "நாளைக்கு நானும் சமன் அய்யேயும் கல்கிசைக்குப் போறம். ரெயின்ல. அடுத்த கிழமை வாங்கோ." அய்யே என்றாய், சமன் இப்போது உனக்கு அண்ணன். சரி மகன் என்று சொல்லி வைத்தேன். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டார். அது போதவில்லை. மேல்மாடிக்கு ஏறினேன். அங்கே இருக்கிற அன்ரியை உனக்குத் தெரியும், பிள்ளைகளில் மூத்தவர் கனடாவில், இளையவர் லண்டனில், ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பா. கதவைத் திறந்ததும், "என்ட மகனுக்கு நாளைக்கு எங்களைப் பார்க்க நேரமில்லையாம்" என்றேன். அவ என் கையைப் பிடித்து, "என்ன செய்யிறது, எல்லா வீட்டிலயும் உதுதான் கதை" என்று என்னைத் தேற்றினா.

ஓம், எல்லா வீட்டிலயும் உதுதான் என்று சொல்லிக்கொண்டு நான் படியிறங்கி வந்தேன். எங்கள் வீட்டிலும் உதுதான், பிரணவன்.

கோல் எடுத்துவிட்டு வரும்
அம்மா